மில்லின் பட்டியலில் நான் அழித்த வரி

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. நீங்கள் ஒரு வரியை அழிக்கப் போனால் திரை சிவப்பாகி, நிச்சயமாகத்தான் அழிக்கிறீர்களா என்று இரண்டு தடவை கேட்கிறது. யார் எப்போது எதைத் தொட்டார்கள் என்று அதுவே எழுதி வைத்துக்கொள்கிறது. எங்கள் ஆபீஸில் ஏழு பேருக்கும் சேர்த்து ஒரே பாஸ்வேர்டு. அழித்தால் அழிந்ததுதான், யார் அழித்தார் என்று சாமிக்குத்தான் தெரியும். இருபது வருஷம் அப்படித்தான் ஓட்டினேன்.

வயிற்றெரிச்சல் என்று நான் வேடிக்கைக்கு எழுதவில்லை. அது எனக்குப் பழைய வியாதி. அந்த வியாதியால் ஒரு பெண்ணின் வேலை போகப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சர்வரை எப்படி நிறுவுவது, இணையப் பெயரை எப்படிப் புதுப்பிப்பது என்பதையெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

கதைக்குத் தேவையான அளவுக்கு மட்டும் கொஞ்சம் விளக்கம். ஒரு கம்பெனியின் இணையப் பெயரை யாராவது தட்டினால், அந்தப் பெயருக்கு உரிய பட்டியலைக் கேட்டுத்தான் உலகம் வழி தெரிந்துகொள்கிறது. பட்டியலில் வரி வரியாகப் பதிவுகள். ஏ ரெக்கார்டு, சர்வரின் விலாசம். எம்எக்ஸ், கம்பெனிக்கு வரும் மெயில் எந்த வாசலில் இறங்க வேண்டும் என்பது. சிநேம், ஒரு பெயரைக் கேட்டால் இன்னொரு பெயரைக் கை காட்டுவது. என்எஸ், இந்தப் பட்டியலே யாரிடம் இருக்கிறது என்பது. இந்த நான்கையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஐந்தாவது, டெக்ஸ்ட் ரெக்கார்டு. அதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்பதாலேயே எனக்கு அதன் மேல் மரியாதை இருந்ததில்லை.

எங்கள் ஆபீஸில் அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தோம். வைத்தவன் நான்தான். நோட்டுப் போட்டு எழுதினால் நோட்டு தொலைகிறது, அதனால் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதை அந்தந்தக் கம்பெனியின் பட்டியலிலேயே டெக்ஸ்ட் வரியாகப் போட்டுவிடுவோம். 'சர்வர் மாற்றியாச்சு', 'ஆடியில் புதுப்பிக்கணும்', 'மேனேஜரிடம் காலையில் பேசாதே, கோபமாக இருப்பார்' என்று தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி வைப்போம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் கேட்டுப் படிக்கக்கூடிய இடம் அது. ஆனால் அருப்புக்கோட்டையில் ஒரு மேனேஜருக்குக் காலையில் கோபம் வரும் என்பதை யார் கேட்கப் போகிறார்கள்? வேலை முடிந்த குறிப்பை, பார்க்கிறவர் அழித்துவிடுவார். சுவரில் ஒட்டிய காகிதத்தைக் கிழிப்பதைப் போல.

எங்கள் ஆபீஸ் பாளையம்பட்டி போகிற வழியில், ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கடையும் ஆபீஸும் ஒரே முதலாளிக்கு. அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். கம்ப்யூட்டர் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, ஆட்களைப் பற்றி எல்லாம் தெரியும். வாடிக்கையாளர் யார் வந்தாலும் என்னைக் காட்டி, இவர் இருக்கும்போது நமக்கென்ன கவலை என்பார். அந்த வார்த்தையைச் சாப்பாடு மாதிரி தின்று பழகியிருந்தேன்.

அப்போதுதான் முத்துச்செல்வி வந்து சேர்ந்தாள். உங்களுக்கு அவர் மேடம், இன்று ஆபீஸே அவர் பொறுப்பு. நான் சொல்வது அவளுக்கு இருபத்து மூன்று வயதாக இருந்த காலம், அதனால் அவள் என்றே எழுதுகிறேன். எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஷேர் ஆட்டோவும் பஸ்ஸும் மாறி வருவாள். அவளுடைய அம்மா காட்டு வேலைக்குப் போய்ப் படிக்க வைத்த பிள்ளை. இவளுக்குச் சம்பளம் வர ஆரம்பித்த பிறகுதான் அந்த அம்மா பருத்தி எடுக்கப் போவதை நிறுத்தியிருந்தார். அந்தச் சம்பளத்தில்தான் அந்த வீடு நடந்தது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் எல்லாம் செய்தேன்.

வந்த ஆறு மாதம் எனக்கு அவள்மேல் ஒன்றும் இல்லை. பணிவான பெண், அண்ணே அண்ணே என்று வருவாள். பாலவனத்தம் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு நாங்கள் எல்லாம் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அவர்கள் அனுப்பும் மெயில் வெளிநாட்டு ஆட்களுக்குக் குப்பைப் பெட்டியில் போய் விழுகிறது என்று மேனேஜர் புலம்பினார். குப்பைப் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள் சார் என்று நான் மூன்று தடவை பதில் சொல்லி அனுப்பினேன். நான்காவது தடவை நான் ஊரில் இல்லை. முத்துச்செல்வி ஒரே மத்தியானத்தில் அதைச் சரிசெய்துவிட்டாள்.

எப்படிச் சரிசெய்தாய் என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஒரே கேள்வி. கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்று ஆகிவிடுமே. அன்றிலிருந்து மில்லில் இருந்து போன் வந்தால், நான் எடுத்து ஹலோ சொன்னதும், அந்தப் பொண்ணு இருக்கா என்று கேட்க ஆரம்பித்தார்கள். பிறகு ஒரு கல்யாண மண்டபம் கேட்டது. பிறகு ஒரு பள்ளிக்கூடம். ஒரு நாள் அண்ணாச்சி வாடிக்கையாளர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு மாடிக்கு வந்தார். என் மேஜையைத் தாண்டிப் போய் அவள் மேஜை பக்கத்தில் நின்று, இந்தப் பிள்ளை இருக்கும்போது நமக்கென்ன கவலை என்றார். என் வார்த்தை. அப்படியே, ஒரு எழுத்து மாறாமல்.

அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் வெட்கக்கேடு. அவளுக்கு ஒரு நாளில் எத்தனை போன் வருகிறது, எனக்கு எத்தனை வருகிறது என்று எண்ணுவேன். அவள் சாப்பிடப் போனால் அவள் தொட்ட பட்டியல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பிழை தேடுவேன். கிடைக்காது. கிடைக்காததில் கோபம் இன்னும் ஏறும். ஒரு எம்எக்ஸ் வரியையாவது தப்பாகப் போட மாட்டாளா என்று வேண்டாத குறைதான்.

திருச்சுழியில் சீமைக்கருவேலங் கரி வியாபாரம் செய்கிற ஒருவருக்கு மெயில் போட்டுக் கொடுக்க அவள் ஒரு நாள் அங்கே போயிருந்தாள். மற்றவர்களும் ஆளுக்கொரு வேலையாக வெளியே போயிருந்தார்கள். ஆபீஸில் நான் மட்டும். மத்தியானம். மில்லின் பட்டியலைத் திறந்தேன். என் பழைய குறிப்புகள் இரண்டு இருந்தன. அவற்றுக்குக் கீழே என்னுடையது அல்லாத ஒரு டெக்ஸ்ட் வரி. எழுத்தும் எண்ணும் கலந்து, சர்வர் பெயர்கள் இரண்டைச் சேர்த்து, கடைசியில் ஒரு கழித்தல் குறியும் அதை ஒட்டி ஒரு சின்ன ஆங்கிலச் சொல்லுமாக முடிந்திருந்தது. தனக்கு மட்டும் புரிகிற மாதிரி ஏதோ சுருக்கிக் குறித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். என் பட்டியலில், நான் ஆரம்பித்த வழக்கத்தில், எனக்கே புரியாத குறிப்பா என்று பற்றிக்கொண்டு வந்தது. அழித்தேன். என் இரண்டு குறிப்புகளையும் விட்டுவைத்தேன்.

அது குறிப்பு இல்லை. மில்லின் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்தச் சர்வருக்கு உரிமை உண்டு என்று உலகத்துக்குச் சொல்லுகிற வரி. அது இல்லாவிட்டால் மில்லே அனுப்பினாலும், யாரோ மில் பெயரில் ஏமாற்ற வருகிறார்கள் என்று வாங்குகிற பக்கம் குப்பைப் பெட்டியில் தள்ளும், கெடுபிடியான இடமாக இருந்தால் திருப்பியே அடித்துவிடும். இன்று உங்களில் நேற்று சேர்ந்தவருக்கும் இது தெரியும்.

அழித்தவுடன் ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது. ஒரு பதிவை ஒரு தடவை கேட்டுத் தெரிந்துகொண்ட சர்வர், அதை எவ்வளவு நேரம் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம் என்று நாம்தான் கெடு கொடுக்கிறோம். நம் ஊர் இன்டர்நெட் லட்சணத்துக்கு நான் எல்லாப் பட்டியலிலும் ஒரு நாள் முழுக்கக் கெடு வைத்திருந்தேன். அதனால் அன்று சாயங்காலம் வரை மெயில் போனது. நான் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன், அழித்ததையே மறந்தும் போனேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு மில் மேனேஜர் போன் செய்தார். வெளிநாட்டு ஆர்டர் ஒன்று, நூல் மாதிரிக்குச் சம்மதம் வந்துவிட்டது, சாயங்காலம் ஐந்து மணிக்குள் இவர்கள் உறுதிக் கடிதம் மெயிலில் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் ஆர்டர் வேறு மில்லுக்குப் போகும். காலையிலிருந்து ஒன்பது தடவை அனுப்பியும் ஒன்பதும் திரும்பி வந்துவிட்டன. போனில் கேட்டால், முறையான கடிதம் இல்லாமல் முடியாது என்கிறார்களாம். எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிட்டு, அந்தப் பொண்ணக் குடுங்க என்றார்.

முத்துச்செல்வி பட்டியலைத் திறந்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். வரியைக் காணோம் என்றாள். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. விரல்கள் பாட்டுக்கு அந்த வரியைத் திரும்ப எழுதின. அவளுக்குப் பின்னால் நின்று படித்தபோதுதான் நான் என்ன அழித்தேன் என்பது எனக்கு உறைத்தது.

வரியைப் போட்டும் பிரயோஜனம் இல்லை. காலையில் ஒன்பது தடவை மெயில் போனதில், வாங்குகிறவர்களுடைய சர்வர் இந்த வரியைக் கேட்டு, இல்லை என்று ஞாபகத்தில் வைத்துக்கொண்டுவிட்டது. நான் கொடுத்த கெடுப்படி நாளைக் காலை வரைக்கும் திரும்பக் கேட்காது. ஆபீஸில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். காத்திருக்கலாம் என்றேன் நான். என் தலைக்குள் வேறு எதுவும் ஓடவில்லை.

அவள் நாற்காலியில் சாய்ந்து கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். இந்த இடத்தைக் கவனியுங்கள், பதற்றத்தில் சும்மா இருக்கத் தெரிந்த ஆள் குறைவு. பிறகு சொன்னாள்:

"புதுப் பேரு ஒண்ணு வைப்போம்ண்ணே. அந்தப் பேர இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாக. கேக்காத பேருக்குப் பழைய பதிலு எங்கிட்டு இருக்கும்?"

மில்லின் பெயருக்கு முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தால் அது புதிய பெயர். அதற்குத் தனியாக உரிமை வரி போட்டு, அந்தப் பெயரிலிருந்து கடிதத்தை அனுப்பினால், எதிர்ப்பக்கம் முதல் தடவையாகக் கேட்டே ஆக வேண்டும். எவ்வளவு எளிதான யோசனை. எனக்கு ஏன் வரவில்லை? மில் தப்பிக்கும் என்ற நிம்மதிக்கு முன்னால் எனக்கு வந்தது அந்தக் கேள்விதான். அந்த நேரத்திலும் அவளைப் பார்த்துப் புழுங்கினேன்.

அவள் என் பக்கம் திரும்பி, எம்எக்ஸை நீங்க போடுங்கண்ணே, உங்க கை வேகம் என்றாள். புதிய பெயருக்குப் பதில் மெயில் வந்தால் இறங்க வாசல் வேண்டுமே. போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய வரி. போட்டு முடித்தபோது சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை அவள் கொடுத்தாள் என்பதில் அடுத்த நிமிஷமே எரிச்சலாகவும் இருந்தது. மூன்று மணி தாண்டிய கொஞ்ச நேரத்தில் மேனேஜர் கூப்பிட்டு, கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது, பதிலும் வந்துவிட்டது என்றார். அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு, அண்ணாச்சியிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார்.

அவர் பேசியது என்ன என்பது, அண்ணாச்சி எங்கள் இருவரையும் கீழே கடைக்கு வரச் சொன்னபோதே புரிந்தது. காப்பாற்றிக் கொடுத்தது சரி, ஆனால் நன்றாக இருந்ததை யார் கெடுத்தது? மில்லின் பட்டியலைப் பார்த்துக்கொள்வது முத்துச்செல்வி. கெடுத்தது அவளாகத்தான் இருக்க வேண்டும்.

மாடிப்படியில் இறங்கும்போது அவள் பாதியில் நின்றாள். தினமும் காலையில் எல்லாப் பட்டியலையும் ஒரு நகல் எடுத்து வைக்கிற பழக்கம் அவளுக்கு உண்டு என்பது அப்போது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முந்தின நாள் திருச்சுழிக்குக் கிளம்பும் முன் எடுத்த நகலில் அந்த வரி இருந்திருக்கிறது. அன்று ஆபீஸில் இருந்தது நான் ஒருத்தன். அவள் என்னைக் குற்றம் சாட்டவில்லை. மெதுவாகத்தான் பேசினாள்.

"உங்களுக்கு அது என்னன்னு தெரிஞ்சிருக்காதுண்ணே. குறிப்புன்னு நெனச்சு அழிச்சிருப்பீக. தெரியாம நடந்துபோச்சுன்னு அண்ணாச்சிட்டச் சொல்லிருங்க. பெறகு நான் சொல்லித் தாரேன்."

அவ்வளவு சரியாக என்னைப் படித்திருந்தாள். தப்பிக்க வழியும் அவளே காட்டினாள். நன்றி சொல்லியிருக்க வேண்டிய எனக்கு, 'நான் சொல்லித் தாரேன்' என்ற கடைசிச் சொல் மட்டும்தான் காதில் நின்றது. எனக்கு, இவள், சொல்லித் தரப் போகிறாள்.

கடையில் அண்ணாச்சி சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டால் பயமில்லை, போடாவிட்டால்தான் பயம். மேனேஜர் சொன்னதைச் சொன்னார். பிறகு அவளைப் பார்த்து, நாளையிலிருந்து நீ வர வேண்டாம்மா என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கையில் நகல் இருக்கிறது, ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. நான் சொல்லுவேன் என்று எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

நான் உடனே பேசினேன் என்று எழுத ஆசைதான். பேசவில்லை. இவள் போய்விட்டால் போன் எல்லாம் பழையபடி எனக்கு வரும் என்று ஒரு கணம் கணக்குப் போட்டேன். அந்த அம்மா மறுபடி பருத்திக்காட்டில் நிற்பார் என்பதும் அதே கணத்தில் தெரிந்தது. அது என்னைத் தள்ளியது.

"அத அழிச்சது நான்தேன் அண்ணாச்சி," என்றேன்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "தெரியாமச் செஞ்சியா, தெரிஞ்சு செஞ்சியா?"

முத்துச்செல்வி என்னைப் பார்த்தாள். தெரியாமல் என்று சொல்லுங்கள் என்று அந்தக் கண் கெஞ்சியது. அவள் முன்னால் எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை.

"தெரிஞ்சுதேன் செஞ்சேன். இவளுக்கு நல்ல பேரு வாரது எனக்குப் பொறுக்கல."

அண்ணாச்சி கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். என்னை அனுப்பவில்லை. பாஸ்வேர்டை மாற்றி அவளிடம் மட்டும் கொடுத்தார். அன்றிலிருந்து நான் ஓய்வு பெறும் வரைக்கும் ஒரு ஏ ரெக்கார்டைத் தொடுவதானாலும் அவளிடம் கேட்டுத்தான் தொட்டேன். அவள் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. அண்ணே என்றே கூப்பிட்டாள், டீ வந்தால் எனக்கு முதலில் எடுத்து வைத்தாள். ஆனால் எழுந்து போகும்போது திரையைப் பூட்டிவிட்டுப் போவாள். நான் போட்ட வரியை நான் வீட்டுக்குப் போன பிறகு ஒரு தடவை சரிபார்ப்பாள். தெரிந்தே கெடுக்கக்கூடியவன் என்று நானே வாயால் சொன்னவன், அவள் வேறு என்ன செய்வாள்? அந்த உரிமை வரியை எப்படி எழுதுவது என்று அவளிடம் கேட்காமல், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு போனில் படித்துக் கற்றேன். பத்து நிமிஷத்தில் அவள் சொல்லித் தந்திருப்பாள். எனக்கு இரண்டு மாதம் ஆனது.

உங்களுக்கு இதிலிருந்து நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ஒரு பதிவை மாற்றப் போகிற முந்தின நாளே அதன் கெடுவைக் குறைத்துவிடுங்கள். நகல் எடுங்கள். பட்டியலில் உங்களுக்குப் புரியாத வரி இருந்தால், அதைப் போட்டவரிடம் எழுந்து போய்க் கேளுங்கள். அவர் உங்களைவிட வயதில் சின்னவராக இருந்தால் இன்னும் சீக்கிரமாகப் போங்கள், தாமதித்தால் கால் எழாது.

நான் ஓய்வு பெற்ற அன்று ஆபீஸில் சின்னதாக ஒரு கூட்டம் வைத்தார்கள். உங்களில் சிலர் இருந்தீர்கள். முத்துச்செல்வி மைக்கைப் பிடித்து, அண்ணன் ஒரு தடவை தப்புச் செய்தார், தப்பிக்க வழி இருந்தும் மனசில் இருந்ததை மறைக்காமல் சொன்னார், அந்த நேர்மைக்காகத்தான் இன்றுவரை நான் அவர்மேல் மரியாதை வைத்திருக்கிறேன் என்று பேசினாள். எல்லோரும் கை தட்டினீர்கள். நான் மாலையோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

முத்துச்செல்வி, இதை நீயும் படிப்பாய். பொறாமையில் அழித்தேன் என்றது நிஜம். தெரிந்து அழித்தேன் என்றது பொய். கெட்டவன் என்று பெயர் வாங்கினாலும் பரவாயில்லை, உன் முன்னால் ஒன்றும் தெரியாதவனாக நிற்கக் கூடாது என்று சொன்ன பொய். படியில் நின்று நீ சொன்னதுதான் சரி. அந்த வரி என்னவென்று எனக்குத் தெரியாதும்மா.